கடன் கணக்கில் இறந்துபோனவள்

தீவின் தென்கரை ஊரான குவானிக்காவில் நெரெய்டா இரிஸாரியைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் இறைச்சிப் பக்கமே போகாதவராக இருக்க வேண்டும். பக்கத்து ஊரான யாவுக்கோவின் சூப்பர் மார்க்கெட்டில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கறி வெட்டுகிறவள் அவள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வெட்டுக்கத்தி பிடித்த பெண் அவள் ஒருத்திதான். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் பன்றித் தொடை வாங்க வருகிறவர்கள் மற்ற ஆட்களைத் தாண்டி வந்து, "நெரெய்டா வெட்டினாத்தான் வேணும்" என்று நிற்பார்கள். ஆள் குள்ளம், தோள் மட்டும் வலை இழுக்கிறவன் தோள். குரலைக் குறைத்துப் பேசத் தெரியாது. சிரித்தால் பழங்கள் அடுக்கியிருக்கும் அந்தக் கோடி வரை கேட்கும்.

புருஷன் நியூஜெர்ஸிக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். ஒரே மகள் லிஸ்மாரியைத் தனியாளாக வளர்த்தாள். மகள் கெட்டிக்காரி. இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வரி கட்டுவதிலிருந்து மின்சார ஆபீசுக்குப் புகார் எழுதுவது வரை அம்மாவின் காகித வேலை எல்லாம் அவள் பொறுப்பு. நெரெய்டாவுக்கு அதில் ஒரு பெருமை. "என் பொண்ணு பார்த்துக்குவா" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை.

பெரிய புயல் வந்து தீவே மாதக்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, தெருவில் பாதிப் பேர் ஃபுளோரிடாவுக்குக் கிளம்பினார்கள். லிஸ்மாரியும் கைக்குழந்தை அமாயாவோடு அங்கே ஆர்லாண்டோ போனாள். நெரெய்டா போகவில்லை. "அங்க வந்து நான் யாருக்குக் கறி வெட்டறது?" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டதால் அரசாங்க உதவிக்கு மனுப் போட வேண்டியிருந்தது. அதையும் மகள்தான் அங்கிருந்து நிரப்பினாள். டவர் கிடைப்பதற்காக மேட்டில் ஏறி நின்று நெரெய்டா அரசாங்கம் ஆளுக்கொன்றாகக் கொடுக்கிற தன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை ஒவ்வொன்றாகக் கத்திக் கத்திச் சொன்னாள். ஊருக்கே கேட்டிருக்கும். ஆனால் ஊர் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் பூகம்பம். தூண்களின் மேல் தூக்கிக் கட்டிய வீடு அவளுடையது. முன்பக்கத் தூண்கள் இரண்டும் பிளந்துகொண்டன. பேஸ்பால் மைதானத்தில் கூடாரம் போட்டு அக்கம்பக்கத்தாரோடு படுத்துக் கிடந்துவிட்டு, இரும்பு முட்டுக் கொடுத்துத் திரும்பி வந்தாள். தூணைக் கட்டாமல் இதில் குடியிருக்கக் கூடாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். உதவிப் பணம் முட்டுக் கொடுக்கத்தான் காணும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தாள். சிமென்ட் விலை அதைவிட வேகமாக ஏறியது. கடைசியில், இரண்டு வருஷம் கழித்து, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்கப் போனாள். போகும்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சோபா வாங்கத் தவணை எடுத்து, நாள் தவறாமல் அடைத்தவள் அவள்.

சங்கத்தில் கடன் பிரிவில் இருந்தவள் இவெலிஸ். லிஸ்மாரியோடு ஒரே வகுப்பில் படித்தவள், நெரெய்டா வீட்டில் எத்தனையோ நாள் சோறும் துவரையும் சாப்பிட்டவள். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், நெரெய்டாவைப் பார்த்தாள், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"என்ன பொண்ணே, என் மூஞ்சியில ரத்தம் ஒட்டியிருக்கா? கழுவிட்டுத்தானே வந்தேன்."

"இல்ல டோன்யா நெரெய்டா." வயதில் மூத்த பெண்களை அங்கே மரியாதையாக 'டோன்யா' என்பார்கள். " உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஏதோ தப்பு இருக்கு. ஸ்கோரே வரமாட்டேங்குது."

"ஸ்கோர் வரலைன்னா? அந்த சோபாவுக்கு அப்புறம் நான் கடனே வாங்கலியே, அதனாலயா?"

"அதில்ல." இவெலிஸ் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க காலமாயிட்டதா போட்டிருக்கு."

நெரெய்டா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "கேட்டியா ஹெக்டர்! நான் செத்துட்டேனாம்! நேத்து நீ வாங்கின சாப்ஸ் யாரு வெட்டினதுன்னு யோசிச்சிக்கோ!"

இவெலிஸ் சிரிக்கவில்லை. யார் யார் எந்தக் கடனை வாங்கினார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்று மூன்று கம்பெனிகள் எழுதி வைத்திருக்கிற ஜாதகம்தான் கிரெடிட் ரிப்போர்ட், அதற்குப் போடுகிற மார்க்தான் ஸ்கோர். அந்த மூன்றிலும் நெரெய்டா இறந்துபோயிருந்தாள். சேதி சொன்னது ஃபுளோரிடாவில் இருக்கும் ஒரு கார் ஃபைனான்ஸ் கம்பெனி.

"எனக்குக் காரே ஓட்டத் தெரியாதே" என்றாள் நெரெய்டா. "ஸ்டீயரிங் எந்தப் பக்கம்னு கேட்டாக்கூட யோசிக்கணும். தினமும் கூட வேலை பார்க்கற கார்மெலோ வண்டியிலதான் வேலைக்குப் போறேன்."

"கூட்டுக் கடன்னு இருக்கு. ரெண்டு பேர் சேர்ந்து வாங்கினது. இன்னொருத்தர் பேரு இதுல வராது."

"எவனோ திருட்டுப் பய. டிவியில சொல்றானே, நம்பரைத் திருடி நம்ம பேர்ல கடன் வாங்கறாங்கன்னு."

"இருக்கலாம்" என்றாள் இவெலிஸ். ஆர்லாண்டோ என்று ஊர் பெயர் போட்டிருந்த இடத்தை அவள் விரலால் மறைத்துக்கொண்டிருந்ததை நெரெய்டா பிறகுதான் நினைத்துப் பார்த்தாள். "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு அந்த மூணு கம்பெனிக்கும் எழுதிப் போடணும். அவங்க முப்பது நாளுக்குள்ள விசாரிச்சுப் பதில் சொல்லியாகணும். நான் எழுதித் தரட்டுமா?"

"உனக்கெதுக்குச் சிரமம்? என் பொண்ணு பார்த்துக்குவா."

அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டாள். லிஸ்மாரி வழக்கம்போல, "ஆசீர்வாதம் பண்ணும்மா" என்றுதான் பேச ஆரம்பித்தாள். "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நெரெய்டா சிரிக்கச் சிரிக்க விஷயத்தைச் சொன்னாள்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா. அமாயா ஏதோ கொட்டிட்டா, அதான்." பிறகு வேகவேகமாகப் பேசினாள். "நீ யாருக்கும் எதுவும் எழுதாதே. இவெலிஸ்கிட்டயும் குடுக்காதே. அவளுக்கு என்ன தெரியும்? தப்பா ஒரு வார்த்தை எழுதினா வருஷக்கணக்கா இழுக்கும். எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துக்குவேன்னுதான் நானும் சொன்னேன்" என்றாள் நெரெய்டா.

மழைக்காலம் வந்து போயிற்று. கேட்கும்போதெல்லாம் லிஸ்மாரி, "எழுதிட்டேன்மா, பதில் வரணும்" என்பாள். ஒரு தடவை, "கம்பெனிக்காரங்க இன்னும் ஏதோ பேப்பர் கேக்கறாங்க" என்றாள். மேஸ்திரி வந்து பிளவைப் பார்த்து, போன தடவைக்கு இப்போது விரல் நுழைகிறது என்றார். கடையில் கார்மெலோவுக்கு மட்டும் இதில் நல்ல பொழுதுபோக்கு. அவன் நெரெய்டாவோடு கறிப் பிரிவில் நிற்கிறவன். அவன் மகனுக்கு ஞானத்தாய் அவள்தான். அதனால் அவளை 'கொமாய்' என்றுதான் கூப்பிடுவான்.

"கொமாய், செத்தவங்க சம்பளம் வாங்கலாமா? மேனேஜர்கிட்ட கேட்டுட்டு அதை என் கணக்குல போடச் சொல்றேன்."

"போட்டுக்கோ. ராத்திரி வந்து உன் காலைப் பிடிச்சு இழுக்கறேன்."

ஒருநாள் இவெலிஸ் கடைக்கு வந்தாள். அரைத்த மாட்டுக்கறி கேட்டாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"டோன்யா நெரெய்டா, உங்க ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். யாரும் எதுவும் எழுதினதாத் தெரியலியே. எழுதியிருந்தா, ஆட்சேபணை வந்திருக்குன்னு ஒரு குறிப்பு வரும்."

"லிஸ்மாரி எழுதியிருக்கா."

இவெலிஸ் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நெரெய்டா கையுறையைக் கழற்றினாள். ஒரு விரல் கழன்றது, இன்னொரு விரல் கழன்றது, அப்புறம் கை அப்படியே நின்றுவிட்டது.

"நாளைக்கு வர்றேன்" என்றாள். "நீயே எழுது."

அடையாள அட்டை, தண்ணீர் பில், உயிரோடு இருக்கிறாள் என்று சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் கொடுத்த கடிதம், எல்லாவற்றையும் இணைத்து இவெலிஸ் மூன்று கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினாள். வந்த பதில் வேடிக்கையாக இருந்தது. ஃபைனான்ஸ் கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்த்தோம், விவரம் சரியானதே என்று எழுதியிருந்தார்கள். அனுப்பிய உறையில் 'நெரெய்டா இரிஸாரி அவர்களுக்கு' என்று அவள் பெயரே போட்டிருந்தது.

"செத்தவளுக்கு லெட்டர் போடத் தெரியுது, உயிரோட இருக்கான்னு எழுதத் தெரியலையா?" என்றாள் நெரெய்டா.

"இவங்க கேட்கறது அந்தக் கம்பெனியை. அவங்க ஆமான்னா இவங்களும் ஆமாம்பாங்க. நேரா கம்பெனிக்கே பேசிடலாம்." இவெலிஸ் ஸ்பானிஷ் பேசுகிற ஆளைக் கேட்டு வாங்கி, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

பேசியது ஒரு சின்னப் பெண்ணின் குரல். மரியாதையான குரல். நெரெய்டா பெயரையும் எண்ணையும் சொன்னதும் அவள் குழம்பினாள். "மன்னிக்கணும் மேடம், இந்தக் கணக்குல நெரெய்டா இரிஸாரி இறந்துட்டதா குறிப்பு இருக்கு."

"அந்த நெரெய்டாதான் பேசறேன். யாரு சொன்னா நான் செத்துட்டேன்னு?"

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "இன்னொரு கடன்தாரர் போன்ல தெரிவிச்சிருக்காங்க. மகள்னு எழுதியிருக்கு. அம்மா பூகம்பத்துல வீடு இடிஞ்சு இறந்துட்டாங்க, இத்தனை நாள் தவணையை அம்மாதான் கட்டிட்டிருந்தாங்க, கொஞ்சம் அவகாசம் வேணும்னு அழுதிருக்காங்க. எங்க கம்பெனி சார்பா அனுதாபம் தெரிவிச்சு மூணு மாசத் தவணையைத் தள்ளிவெச்சிருக்காங்க."

இவெலிஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெரெய்டா, "மகள் பேரு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். 'லிஸ்மாரி' என்பதை அவள் தப்பாக உச்சரித்தாள். நெரெய்டா அதைத் திருத்தினாள்.

பிறகு மற்றதெல்லாம் வந்தது. புயல் வந்த அடுத்த வருஷம் வாங்கிய கார். கம்ப்யூட்டரிலேயே போட்ட இரண்டு கையெழுத்துகள். அவகாசம் முடிந்தும் தவணை வராததால் வண்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ஏலம் விட்டிருந்தார்கள். ஏலத்தில் வந்த பணம் போக இன்னும் ஒன்பதாயிரம் டாலர் நின்றது.

அன்று கார்மெலோவின் வண்டியில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவனும் கிண்டல் பண்ணாமல் ஓட்டினான். பூகம்பம் வந்த நேரத்தைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மைதானத்தில் படுத்திருந்தபோது தரை ஆடும்போதெல்லாம் அவள் முதலில் போனைத்தான் எடுப்பாள். மகள் பயப்படுவாளே என்று, "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்" என்று செய்தி அனுப்புவாள். அதைப் படித்துவிட்டுத்தான் லிஸ்மாரி அந்தப் பக்கம் போன் பண்ணி, அம்மா செத்துப்போய்விட்டாள் என்று அழுதிருக்கிறாள்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் பண்ணினாள்.

"ஆசீர்வாதம்மா."

"செத்தவகிட்ட என்னடி ஆசீர்வாதம் கேக்கறே?"

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. நெரெய்டா அதை நிறுத்தச் சொல்லவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. வந்த புதுசுல எனக்குக் கடனே குடுக்கல. பஸ்ஸுக்கு நின்னு நின்னு ரெண்டு வேலை போச்சு. கூட ஒருத்தர் பேரு வேணும்னாங்க. உன் நம்பர் என்கிட்ட இருந்துச்சு. நான் கட்டிடுவேன், உனக்குத் தெரியவே வேணாம்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் ஒழுங்காத்தானே கட்டினேன்? அப்புறம் ஹோட்டல்ல ஆளைக் குறைச்சாங்க."

"அதுக்கு என்னைக் கொன்னுட்டியா?"

"வாயில வந்துடுச்சும்மா. தவணை கேட்டு அந்தக் கம்பெனிக்காரன் என்னமா மிரட்டினான் தெரியுமா? டிவியில நம்ம ஊரு ஓடிட்டிருந்துச்சு, வீடெல்லாம் மண்டி போட்டு உக்காந்திருந்துச்சு. அதைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டேன். அவங்க அதை எங்கெல்லாமோ எழுதி வைப்பாங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சப்புறம் என்ன பண்ணினே? இத்தனை மாசமா 'எழுதிட்டேன்மா, எழுதிட்டேன்மா'ன்னியே."

லிஸ்மாரி மூக்கை உறிஞ்சினாள். பிறகு சொன்ன வார்த்தையைத்தான் நெரெய்டாவால் கடைசி வரை ஜீரணிக்க முடியவில்லை. "அம்மா, இன்னும் கொஞ்ச நாள் அப்படியே விட்டுடேன். ஏழு வருஷம் ஆனா இதெல்லாம் தானா அழிஞ்சிடும். நீ என்ன புதுசா வீடா வாங்கப்போறே? நான் இப்ப நர்ஸ் படிப்புல சேர்ந்திருக்கேன். போலீஸ் கீலீஸ்னு போனா லைசென்ஸ் தரமாட்டாங்க. அமாயாவை நினைச்சுப் பாரு."

"ஏழு வருஷம் நான் செத்தே கிடக்கணுமா?"

"பேப்பர்லதானேம்மா."

நெரெய்டா போனை வைத்துவிட்டாள்.

இவெலிஸ் வழியைத் தெளிவாகச் சொன்னாள். உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் நிரூபித்தால் இறப்புக் குறிப்பு போய்விடும், ஆனால் அவளோடு சேர்ந்து அந்தக் கடனும் எழுந்து உட்காரும். ஒன்பதாயிரமும், கட்டாத தவணைகளும், ஏலம் போன வண்டியும் அவள் தலையில். ஸ்கோர் தரையில் கிடக்கும், எந்தச் சங்கமும் கடன் தராது. அது வேண்டாமென்றால், அந்தக் கையெழுத்து தன்னுடையது இல்லை என்று சத்தியம் பண்ணி, போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். செய்தது யாரென்று தெரிந்தால் பெயரையும் சொல்ல வேண்டும்.

"தெரியாதுன்னு எழுதினா?"

"பொய்ச் சத்தியம் ஆயிடும், டோன்யா நெரெய்டா. கம்பெனிக்காரன் ஏற்கெனவே மகள்னு எழுதி வெச்சிருக்கான்." அவள் தயங்கினாள். "எனக்கும் அவ ஃபிரெண்டுதான். இதைச் சொல்ல எனக்கும் வாய் வரல."

கார்மெலோ போலீசுக்குப் போக வேண்டாம் என்றான். வண்டியைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, இறங்காமலே பேசினான்.

"பெத்த பொண்ணு, கொமாய். ஒன்பதாயிரத்தை மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிடலாம். நானும் தர்றேன். சொந்தப் பொண்ணைப் போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு எப்படித் தூங்குவே?"

"இப்ப எப்படித் தூங்கறேன்னு நினைக்கறே? தலைக்கு மேல வீடு எப்ப உக்காரும்னு பார்த்துக்கிட்டே தூங்கறேன். அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏழு வருஷம்கறா."

"அறியாத்தனம்."

"நம்பரைத் திருடினது அறியாத்தனம். என்னைச் செத்ததாச் சொன்னது பயம். அதையெல்லாம் மன்னிச்சிருப்பேன், கார்மெலோ. நான் அவளை நம்பிக் காத்துக்கிட்டிருந்தேனே இத்தனை மாசம், அதைப் பார்த்துக்கிட்டே சும்மா இருந்தாளே, அதுக்கு என்ன பேரு?"

கார்மெலோ கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்த சார்ஜென்ட் பாதித் தூக்கத்தில் இருந்தார். செத்துவிட்டதாகப் பொய் எழுதியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னதும், "யார் இறந்தது?" என்று கேட்டு எழுத ஆரம்பித்தார்.

"நான்தான்."

அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நெரெய்டா முதலிலிருந்து சொன்னாள். மேட்டில் நின்று எண்ணைக் கத்தியது முதல் கடைசி போன் வரை. சந்தேக நபரின் பெயர் என்ற இடம் வந்தபோது அவர், "இங்க நான் என்ன எழுதட்டும்?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

"லிஸ்மாரி" என்றாள். எழுத்துக் கூட்டியும் சொன்னாள். "கடைசியில I-யும் E-யும் வரும். பிறந்தப்ப நான்தான் வெச்சேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, கடலைப் பார்த்துப் போட்டிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் அழுததாக யாரும் சொல்லவில்லை. ஐஸ் விற்கிறவன் தேங்காய் ஐஸ் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தோன்றாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். அது கையிலேயே கரைந்து போயிற்று.

அதற்குப் பிறகு காரியம் நடந்த வேகத்தைப் பார்த்தால், இத்தனை மாசம் வீணாகக் காத்திருந்ததுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. போலீஸ் புகார் போய்ச் சேர்ந்த சில நாட்களில் மூன்று கம்பெனியும் அந்தக் கடனை அவள் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டன. அடுத்த மாதம் இறப்புக் குறிப்பும் போயிற்று. ஃபைனான்ஸ் கம்பெனி மொத்தப் பாக்கியையும் லிஸ்மாரியின் தனிக்கணக்குக்கு மாற்றியது. ஆர்லாண்டோவில் எந்தப் போலீஸும் அவள் கதவைத் தட்டவில்லை. அந்தப் புகார் எங்கோ ஒரு அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் லிஸ்மாரி அம்மாவின் எண்ணைத் தடுத்துவிட்டாள். தெரிந்தவர்களிடமெல்லாம், "கடனுக்காகப் பெத்த பொண்ணைக் காட்டிக் குடுத்தவ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது கார்மெலோவின் மனைவி வழியாகக் குவானிக்காவுக்கும் வந்து சேர்ந்தது. கடையில் வழக்கமாக வரும் இரண்டு பெண்கள் கொஞ்ச நாள் மற்ற ஆட்களிடம் கறி வாங்கினார்கள். நெரெய்டா பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

உயிர் வந்தும் ஸ்கோர் உடனே வந்துவிடவில்லை. அந்தப் பழைய சோபாவுக்குப் பிறகு இத்தனை வருஷம் கடனே வாங்காதவள் என்பதால் எழுதுவதற்கு ஜாதகத்தில் ஒன்றுமே இல்லை. "கடனைக் கட்டினாத்தான் கட்டறவங்கன்னு தெரியும்" என்றாள் இவெலிஸ். ஐந்நூறு டாலரைச் சங்கத்தில் அடமானமாகப் போட்டு, அதையே கடனாக எடுத்து, மாதாமாதம் அடைக்கச் சொன்னாள். ஒரு சின்னக் கார்டும் கொடுத்தாள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவு பண்ணக் கூடாது, பில் வந்ததும் முழுசாகக் கட்டிவிட வேண்டும் என்று கண்டிப்பு.

"என் பணத்தையே நான் கடன் வாங்கி, எனக்கே வட்டியா? இந்தப் புத்தி எந்த மகராசனுக்கு வந்துச்சு?" என்று நெரெய்டா திட்டினாள். ஆனால் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கார்டைக் கார்மெலோ வண்டிக்குப் பெட்ரோல் போட மட்டும் எடுப்பாள்.

யாரும் இனி அவள் பெயரில் கடன் வாங்க முடியாதபடி மூன்று கம்பெனியிலும் பூட்டுப் போட்டுக் கொடுத்தாள் இவெலிஸ். அதைத் திறக்க ஒரு ரகசிய எண். "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொந்தக்காரங்ககிட்டகூட."

"சொந்தக்காரங்கன்னு யாரு இருக்கா?" என்றாள் நெரெய்டா. இவெலிஸ் அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவள் கையில் வைத்தாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்கோர் எழுநூறைத் தொட்டபோது இவெலிஸ் சந்தோஷத்தில் கடைக்கே வந்து சொன்னாள். கடன் பாஸாயிற்று. கையெழுத்துப் போடுகிற அன்று கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. கடனோடு சேர்ந்து ஆயுள் காப்பீடும் உண்டு, அவள் இறந்தால் பணம் யாருக்குப் போக வேண்டும்?

"என் பேத்தி அமாயாவுக்கு."

"சின்னக் குழந்தைன்னா ஒரு பெரியவங்க பேரும் வேணும். சாதாரணமா அம்மா பேரைத்தான் போடுவாங்க."

"கார்மெலோ பேரைப் போடு."

இவெலிஸ் அப்படியே எழுதினாள்.

தூண்கள் நான்கையும் மேஸ்திரி புதிதாகக் கம்பி கட்டி எழுப்பினார். கான்கிரீட் காய்கிற வரை நெரெய்டா கார்மெலோ வீட்டில் தங்கினாள். இரும்பு முட்டுகளை எடுத்த அன்று, முன்னறையில் அங்குமிங்கும் நடந்து, வேண்டுமென்றே ஒரு குதி குதித்துப் பார்த்தாள். வீடு அசையவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு லிஸ்மாரி வந்தாள். தெரிந்தவர்கள் யார் வீட்டிலோ தங்கிக்கொண்டு, கடைசி நாள் மத்தியானம் அமாயாவைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தாள். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டாளாம். கடனைக் கட்ட ராத்திரி ஷிப்ட் வேலை. போலீஸ் காரணமில்லை, நேரம்தான் கிடைக்கவில்லை என்று அவளே சொன்னாள். ஆனாலும் அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். நெரெய்டா குழந்தைக்குச் சோறும் பன்றித் தொடையும் போட்டுக் கொடுத்தாள். குழந்தை தோலை மட்டும் பொறுக்கித் தின்றது. நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ என் பேரைப் போலீஸ்ல எழுதிக் குடுத்தே" என்றாள் லிஸ்மாரி.

"நீ என்னைப் பூகம்பத்துல புதைச்சே."

"வேற வழி தெரியலம்மா. அப்ப எனக்கு யாரு இருந்தா?"

"நான் இருந்தேன்." நெரெய்டாவின் குரல் அப்போதுதான் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "கேட்டிருந்தா போட்டிருப்பேனேடி கையெழுத்து. கப்பல் ஏறிவந்து போட்டிருப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பே."

"என்னைப் பத்தி அவ்வளவுதான் தெரிஞ்சுவெச்சிருக்கியா?"

லிஸ்மாரி மன்னிப்புக் கேட்கவில்லை. நெரெய்டாவும் தப்பாகச் செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஏர்போர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று லிஸ்மாரி எழுந்தாள். குழந்தை மட்டும் பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் எண்ணெய் ஒட்ட முத்தம் கொடுத்தது. மீதிக் கறியை ஒரு டப்பாவில் போட்டு நெரெய்டா மகளிடம் நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளவில்லை. கார் தெருமுனை திரும்பும் வரை நெரெய்டா மேலேயே நின்று பார்த்தாள்.

மறுநாள் காலை கார்மெலோ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தான்.

"பொண்ணு வந்துட்டுப் போனாளாமே, கொமாய்? எப்படி இருக்கா?"

"இளைச்சுப் போயிட்டா" என்றாள் நெரெய்டா. வண்டியில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள். கார்மெலோ வண்டியைக் கிளப்பினான்.